தோணியில் ஏறாத குடும்பம்

கடற்பயணத்தைப் பொருளாகக் கொண்ட தமிழ்ப் புனைகதைகளுள் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ தனியிடம் பெறுவது. 1972இல் நூலுருப் பெற்ற இந்நாவல், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வசப்பட்ட சுமாத்திராவையும் மலாயாவையும் களமாகக் கொண்டது. கதைத்தலைவன் பாண்டியன் மெடானிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்னும் பாய்மரக் கலத்தில் செல்லும் பகுதி, நாம் மீண்டும் மீண்டும் படிப்பது.

புயல் வருணனை மட்டும் அதற்குக் காரணமன்று. கலத்தின் குறுகிய தளம் மனிதரை நெருங்கியிருக்கச் செய்கிறது. அங்கே அவர்கள் ஊர்ப்பேச்சில் ஒன்றுபடுகின்றனர். ஒரே மரண பயத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர். கரை கண்டதும் தத்தம் வழியே செல்கின்றனர். அந்நட்பை ஆசிரியர் மிகைப்படுத்தவில்லை, பிரிவை ஒப்பாரியாக்கவுமில்லை. சூழ்நிலையால் உருவாகும் உறவு சூழ்நிலையோடு கலைவதை நேர்மையாகக் காட்டியதே அவர்தம் வெற்றி எனலாம்.

ஆயினும், இக்கலத்தில் குடும்பம் எங்கே? அது நினைவிலும் பேச்சிலும் மட்டுமே பயணம் செய்கிறது. இதனை ஆசிரியரின் குறையென்று கூறிவிடலாகாது. கடல் கடந்த வட்டித்தொழிலின் இயல்பு அது: ஆண் தனியே போனான், கணக்கு முடித்து ஊர் திரும்பினான். அவனுக்குத் திரும்பிச் செல்ல ஊர் இருந்தது.

சிவனொளிபாதமலை அடிவாரத்துக் குருவிட்டவில், தேயிலையும் இறப்பரும் சூழ இருந்து இந்நாவலைப் படிக்கும் நமக்கு வேறொரு கடல் நினைவுக்கு வருகிறது. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் தமிழகக் கரையிலிருந்து பாய்த்தோணிகளில் மன்னார்க் கரைக்கு வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் ஆண்கள். பருவம் முடிந்ததும் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் தேவைப்பட்டன. பெண்ணும் பிள்ளையும் உடன் அழைத்து வரப்பட்டனர். அக்குடும்பங்களை ஒன்றாகக் கடல் கடத்தியது தோட்ட முதலாளியின் இரக்கமன்று, தொழிலின் தேவையே.

அவ்வாறு சேர்த்துக் கொணர்ந்தவர்களை 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974 வரை காத்திருந்தது. அண்ணன் அக்கரையிலும் தங்கை இக்கரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னார்த் துறையில் கப்பலேறியோரின் பிரியாவிடை, தொங்கான் பயணிகளின் பிரிவைப் போன்றதன்று. அவர்களைப் பிரித்தது பயணத்தின் முடிவு. இவர்களைப் பிரித்தது அரசுகளின் கையொப்பம்.

சிங்காரம் தாம் அறிந்த வாழ்க்கையை எழுதினார். அவரிடமிருந்து நம் இளைய எழுத்தாளர் கற்கவேண்டியது புயல் வருணனையை அன்று; உறவின் பின்னணியிலுள்ள பொருளாதாரத்தை மறைக்காத அந்த நேர்மையையே. அந்த நேர்மையுடன், பிள்ளையை இடுப்பில் ஏந்தித் தோணியேறிய பெண்ணின் கதையும், முதுமையில் அதே கடலைத் திரும்பக் கடந்த அவள் மகளின் கதையும் எழுதப்படல் வேண்டும். லயத்து முதியவர்களின் நினைவில் அவை இன்னும் இருக்கின்றன. கேட்டு எழுதவேண்டிய கடமை நம்முடையது.