வியர்வை திறக்கும் சட்டை

துணி, மின்னணுவியல், உயிரியல் மூன்றையும் ஒரே உடையில் சேர்த்துப் பார்க்கும் சோதனைகள் 2000-க்குப் பிறகு வடிவமைப்புப் பள்ளிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பெருகின. இவற்றை எடைபோட ஒரு கேள்வி போதும்: மூன்றில் ஒன்று மற்றொன்றின் வேலையை ஏற்றுச் செய்கிறதா, அல்லது மூன்றும் வெறுமனே ஒட்டிவைக்கப்பட்டிருக்கின்றனவா?

முதல் வகைக்குத் தக்க சான்று அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் உருவான 'பயோலாஜிக்' திட்டம். ஜப்பானியர் உண்ணும் நட்டோ என்ற புளித்த சோயாவில் வாழும் பாக்டீரியா ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இந்தக் குணத்தைக் கொண்டு தொடங்கிய ஆய்வு, 2017-இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் ஓட்டப்பயிற்சி உடையாக வெளிவந்தது. மெல்லிய ரப்பர் தாளின் இரு பக்கமும் நுண்ணுயிர்களைப் பூசி, கட்டைவிரல் நகம் முதல் விரல் வரையான அளவுகளில் மடல்களாக வெட்டி, முதுகில் வரிசையாகப் பதித்தார்கள். தோல் பக்கம் வியர்வை ஈரம் ஏறியதும் அப்பக்கத்துச் செல்கள் உப்ப, மடல் வெளிப்புறமாக வளைந்து காற்றுக்கு வழிவிடுகிறது. பயிற்சி தொடங்கி ஐந்து நிமிட அளவில் மடல்கள் திறந்தன. உணரியும் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை ஓர் உயிர்ப்படலம் தனியாகச் செய்துவிட்டது. மின்னணுவைத் தேவையில்லாமல் ஆக்கியதுதான் இதன் சிறப்பு.

கம்பிக்கும் துணிக்கும் உள்ள உறவு இத்தனை இணக்கமானதல்ல. லியா பியூக்லி வடிவமைத்து 2007-இல் விற்பனைக்கு வந்த 'லில்லிபேட்' சுற்றுப்பலகை, பூ வடிவில், விளிம்பெங்கும் துளைகளோடு, ஊசியால் தைக்கும்படி அமைந்தது. மின்னணுவியலைத் தையல் தெரிந்தவர்களின் கைக்குக் கொண்டுவந்த வகையில் அது பெரிய சாதனை. ஆனால் மின்கடத்தும் நூலுக்கு மேலுறை கிடையாது. துணி மடியும்போது இரண்டு தையல்கள் ஒன்றையொன்று தொட்டாலோ, முடிச்சின் பிசிறு பக்கத்துத் துளையில் பட்டாலோ குறுக்குச் சுற்று ஏற்பட்டுவிடும். உடல் மடங்கிக்கொண்டே இருப்பது, உடையும் அப்படித்தான்.

மின்னணுவைத் துணியோடு இணைப்பதில் உள்ள சிக்கலைப் பெருநிறுவனங்களாலும் முழுதாகக் கடக்க முடியவில்லை. கூகுளும் லீவைசும் மின்கடத்தும் நூலை நெய்து 2017-இல் வெளியிட்ட 'ஜக்கார்டு' ஜாக்கெட்டின் விலை 350 டாலர். சுமார் பத்துச் சலவைகளைத் தாங்கும் என்றே சொல்லப்பட்டது. டெனிம் ஜாக்கெட்டை யாரும் அடிக்கடி துவைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பத்துச் சலவை என்பது ஒரு சாதாரண உடையின் ஆயுளில் தொடக்கக் கட்டம். 2023-இல் திட்டமே நிறுத்தப்பட்டது. துணி நன்றாக இருக்க, அதை இயக்கிய கைபேசிச் செயலி போய்விட்டது.

உயிரியல் பக்கத்துக் குறைகள் வேறு வகை. கொம்புச்சா என்ற புளித்த தேநீர்க் கரைசலில் பாக்டீரியா உண்டாக்கும் செல்லுலோஸ் ஏட்டிலிருந்து வடிவமைப்பாளர் சூசன் லீ தைத்த ஜாக்கெட்டுகள் பார்க்கத் தோலைப் போலவே இருந்தன. ஆனால் அந்தப் பொருள் தண்ணீரை உறிஞ்சும். மழையில் ஊறிக் கனத்துவிடும் என்று அவரே ஒப்புக்கொண்டார். கலைஞர்களான ஓரான் கேட்ஸ், அயோனாட் ஜுர் இருவரும் செய்த 'விக்டிம்லெஸ் லெதர்' ஒரு படி மேலே போனது. உயிருள்ள செல்களால் வளர்ந்த சிறு மேலங்கி அது. 2008-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கட்டுக்கடங்காமல் வளர்ந்ததால், ஊட்டக்கரைசலை நிறுத்தி அதைச் சாகவிட வேண்டியதாயிற்று. உயிரைப் பலிகொள்ளாத தோல் என்ற பெயரையே கேள்விக்குள்ளாக்கிய படைப்பு என்பதால், அந்த முடிவைத் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை. கலையாக அது வென்றது. உடையாக அதை யாரும் அணியவில்லை.

கழிவைப் பற்றிய பேச்சு இத்துறையில் குறைவாகவே கேட்கிறது. பருத்தி மட்கும், வெள்ளி பூசிய நைலானும் சாலிடரும் மட்கா. மூன்றையும் ஒன்றாகத் தைத்தபின் பிரித்தெடுப்பது கடினம். மரபணு மாற்றிய நுண்ணுயிர் பூசிய உடை என்றால், அந்த நுண்ணுயிர் துவைத்த தண்ணீரோடு எங்கே போகும் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே இம்முயற்சிகளுக்குக் கண்காட்சிக் கூடத்தின் கைதட்டலை மட்டும் சான்றாகக் கொள்வது போதாது. எத்தனை சலவை தாங்கும், கிழிந்தால் யார் தைப்பது, தூக்கி எறிந்தால் எது மட்கும் ஆகிய மூன்றையும் வடிவமைப்பாளர்கள் தங்கள் படைப்போடு சேர்த்து வெளியிட வேண்டும்.