கடிதமும் புத்தகமும்

அமெரிக்கச் சமூகவியலாளர் கை எரிக்சன் 1976ல் வெளியிட்ட 'எவ்ரிதிங் இன் இட்ஸ் பாத்' என்ற புத்தகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். 'வழியில் இருந்த எல்லாவற்றையும்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பேரழிவில் சிக்கிய மக்களின் மனக்காயம் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். நல்ல புத்தகம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாட்சியம், தன்வரலாறு, யார் யாரைப் பற்றி எழுதுவது என்று இத்தனை காலம் சண்டை போட்டு வந்திருக்கிற நாம் இதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போய்விட முடியாது.

நடந்தது இதுதான். மேற்கு வர்ஜினியா மாநிலத்தில் பஃபலோ க்ரீக் என்ற ஓடை. கரையெங்கும் சுரங்கத் தொழிலாளிகளின் குடியிருப்புகள். நிலக்கரியைக் கழுவினால் கறுப்புச் சேறும் தண்ணீரும் மிஞ்சும். பிட்ஸ்டன் கம்பெனிக்குச் சொந்தமான பஃபலோ மைனிங் அதைத் தேக்கிவைக்கச் சுரங்கக் குப்பையையே மலையிடுக்கின் குறுக்கே கொட்டிக் கரையாக்கியது. ஒன்றுக்கு மேலே ஒன்றாக மூன்று கரைகள். மூன்றாவது கரை நின்றது பாறைமேல் அல்ல, பழைய தேக்கத்தில் படிந்த சேற்றின்மேல். உபரித் தண்ணீர் போக ஒரு குழாய் மட்டும் உண்டு, கலிங்கு கிடையாது. நம்ம பக்கம் பல ஊர்களில் ஏரிமடை பார்க்கிற நீர்க்கட்டிகள் தலித்துகள்தான். அவர்களில் யாரைக் கூப்பிட்டுக் கேட்டாலும், கலிங்கு இல்லாத கரை மழைக்கு நிக்காதுங்க என்று சொல்லியிருப்பார்.

1972 பிப்ரவரி 26 காலை எட்டு மணி வாக்கில் கரை உடைந்தது. 13 கோடி காலனுக்கு மேற்பட்ட கறுப்புத் தண்ணீர் 17 மைல் நீளப் பள்ளத்தாக்கை அடித்துக்கொண்டு போனது. 125 பேர் செத்தார்கள். 4,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள். நாலு நாளைக்கு முன்னால்தான் மத்திய அரசின் சுரங்க ஆய்வாளர் ஒருவர் பார்த்துவிட்டு, திருப்திகரம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். கம்பெனி தரப்பு சொன்ன விளக்கம்: கடவுளின் செயல்.

இந்த வார்த்தை நமக்குப் புதுசா? குடிசை எரிந்தாலும், சாக்கடைக் குழியில் ஆள் செத்தாலும் 'தலையெழுத்து' என்று சொல்லி முடிக்கிற ஊரில் பிறந்தவர்கள் நாம். விதி என்று சொல்லிவிட்டால் கைநீட்டிக் காட்ட ஆள் இருக்காது. கடவுள்மேல் யார் வழக்குப் போடுவது?

ஆனால் இந்தக் கரைகளைப் பற்றி முன்கூட்டியே ஒரு எழுத்து இருந்தது. அணைக்கு நேர்கீழே இருந்த சாண்டர்ஸ் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் 1968லேயே ஆளுநருக்குக் கடிதம் எழுதிவிட்டார். இது உடைந்தால் எங்களை அடித்துக்கொண்டு போகும் என்பதுதான் விஷயம். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், போனார்கள். கரை வளர்ந்துகொண்டே இருந்தது. நான்கு வருஷம் கழித்துச் சாண்டர்ஸ்தான் முதலில் போனது.

என் விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது. எரிக்சன் அந்த மக்களிடம் போனது உயிர்தப்பியவர்களுக்காக வழக்காடிய வக்கீல்கள் கூப்பிட்டதால். அறுநூற்றுச் சொச்சம் பேர் தொடுத்த வழக்கு. அங்கே ஒருவர் பேச வேண்டுமானால், நான் உடைந்துபோயிருக்கிறேன் என்று நிரூபித்தாக வேண்டும். தூக்கம் போச்சு, மழை பெய்தால் நடுங்குது, பக்கத்து வீட்டு ஆளையே அடையாளம் தெரியலை என்று சொன்னால் அது சாட்சியம். அந்தக் கரை நிக்காதுன்னு எங்களுக்குத் தெரியும் என்று 1968ல் சொன்னது சாட்சியமாகவில்லை. அறிவாளியாக வந்தபோது கேட்காத காது நோயாளியாக வந்தபோது திறக்கிறது.

அடுத்தது, 'மலை மக்களின் இயல்பு' பற்றிய அத்தியாயம். அவர்கள் சுதந்திரமானவர்கள், அதே சமயம் சார்ந்திருப்பவர்கள் என்று முரண்களாக அடுக்கிக்கொண்டு போகிறார். சேரியைப் பற்றி வெளியிலிருந்து வந்து எழுதியவர்களைப் படித்த நமக்கு இந்தத் தொனி பழக்கமானது. செத்தவர்களின் இயல்புக்கு ஒரு அத்தியாயம் உண்டென்றால், குப்பையைக் கொட்டி அணை என்று பெயர் வைத்தவர்களின் இயல்புக்கும் ஒன்று வேண்டாமா?

நியாயமாகவும் பேச வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு அரசு 13 முகாம்களில் வண்டிவீடுகளைக் கொடுத்தபோது, யார் யாருக்குப் பக்கத்தில் வாழ்ந்தார்கள் என்று பார்க்காமல் கலைத்துப் போட்டது. வீடு போனது ஒரு சாவு, ஊர் போனது இன்னொரு சாவு என்பதை எரிக்சன் அளவுக்குக் காட்டியவர்கள் குறைவு. காயத்தைத் தனி ஆளின் மூளைக்குள் தேடாமல் உறவுகளுக்குள் தேடினார். அது நமக்கும் வேண்டிய பார்வை.

ஆனால் கணக்கு எப்படி முடிந்தது? ஆளுநர் அமைத்த விசாரணைக் குழுவில் உயிர்தப்பியவர்களுக்கு இடமில்லை. மக்கள் தாங்களே ஒரு குழு அமைத்து, இது குற்றம் என்று தனி அறிக்கை எழுதினார்கள். வழக்கு 1974ல் 1 கோடியே 35 லட்சம் டாலருக்குச் சமரசமானது. மாநில அரசு கம்பெனியிடம் கேட்டது 10 கோடி டாலர். 1977ல் பதவி முடிகிற கடைசி நாட்களில் ஆளுநர் ஆர்ச் மூர் 10 லட்சத்துக்கு முடித்துக்கொண்டார்.

அமெரிக்காவில் அணைகளைச் சோதிக்கும் சட்டம் 1972லேயே வந்தது. அதனால் உலகம் திருந்திவிட்டதா? 2019 ஜனவரி 25ல் பிரேசிலின் புருமாடின்யோவில் வாலே கம்பெனியின் இரும்புத்தாதுக் கழிவணை உடைந்து 270 பேர் செத்தார்கள். தொழிலாளிகள் சாப்பிடுகிற கேன்டீன் அணைக்கு நேர்கீழே இருந்தது. அபாயச் சங்கு ஊதவில்லை. முந்தின வருஷம்தான் டூவ் சூட் என்ற ஜெர்மன் நிறுவனம் அணை உறுதியாக இருக்கிறது என்று சான்று கொடுத்திருந்தது. அந்தச் சான்றுக்குக் கூலி கொடுத்தது வாலே. அணையும் தனியாருக்குச் சொந்தம், அதைச் சோதிக்கிற கண்ணும் அவர்களுக்கே சொந்தம். கீழே குடியிருக்கிறவருக்குச் சொந்தம் உயிர் மட்டும்.

ஆகவே எரிக்சனைப் படியுங்கள், ஆனால் பாதிப் புத்தகமாகப் படியுங்கள். மீதிப் பாதி அந்த 1968 கடிதம். தலித் இலக்கியம் வலியின் இலக்கியம் என்று நம்மையும் ஒரு மூலையில் உட்காரவைக்கப் பார்க்கிறார்கள். அழுதால் பரிசு தருவார்கள், எச்சரித்தால் கோப்பில் போடுவார்கள். கரைக்குக் கீழே இருக்கிற ஆள் எழுதிய எச்சரிக்கையையும் இலக்கியமாக, அறிவாக நம் பக்கங்களில் அச்சடிக்க வேண்டும். அதைக் கரை உடையுமுன் செய்ய வேண்டும்.