டி480க்கு இன்னொரு 8 ஜிபி: ரேம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

லெனோவோ தின்க்பேட் டி480 சந்தைக்கு வந்தது 2018இல். பெரிய அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்துவிட்டவை இன்று செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கின்றன. கேரள எல்லையிலுள்ள கோவிந்தாபுரத்தில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கோ முதலமடை மாங்காய்க் கணக்கு எழுதுபவருக்கோ எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்கும் இன்டெல் சிப்கள் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. டி480இல் பொதுவாக இருப்பது அந்தத் தலைமுறை ஐ5. கீபோர்டு அருமை. கழற்றி மாட்டும் பேட்டரி. ஒரே குறை, பெரும்பாலும் 8 ஜிபி ரேமோடுதான் கைக்கு வருகிறது. குரோமில் பத்துப் பன்னிரண்டு டேப், கூடவே ஓர் ஆன்லைன் வகுப்பு என்றால் திணறுகிறது.

இன்னொரு 8 ஜிபி போட்டால் திணறல் தீர்ந்துவிடும். ஆனால் எந்த 8 ஜிபி? கோவிந்தாபுரத்துக்காரருக்கு ஒரு பக்கம் பொள்ளாச்சி, மறுபக்கம் பாலக்காடு. தப்பான ரேமை வாங்கி வந்தால் திருப்பிக் கொடுக்க இன்னொரு நாள் போகும். கடையில் கேட்டால், "எல்லாமே டிடிஆர் ஃபோர்தானுங்க, எதை வேணாலும் போடலாமுங்க" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியதில் பாதியை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்குங்கள். வேகம், மொத்த ஸ்லாட், நிரம்பிய ஸ்லாட், ரேமின் வடிவம் எல்லாம் அங்கே இருக்கும். கேரளப் பள்ளிப் பிள்ளைகளுக்கு கைட் நிறுவனத்தின் லினக்ஸ் பழக்கம் உண்டு. அதில் டெர்மினலைத் திறந்து டிஎம்ஐடிகோட் கட்டளையை ரூட் உரிமையோடு ஓட்டினால், போர்டில் எந்த நிறுவனத்தின் எந்த மாடல் ரேம் இருக்கிறது என்பது வரை சொல்லிவிடும்.

லேப்டாப்பின் பேரை எழுத்து விடாமல் படிப்பதும் அவசியம். டி480இல் இரண்டு ஸ்லாட். டி480எஸ்ஸில் ஒரு பகுதி ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, ஒரே ஒரு ஸ்லாட்தான் மிஞ்சும். அதே காலத்து எக்ஸ்280இல் ஸ்லாட்டே கிடையாது. விவரக் குறிப்பில் எல்பிடிடிஆர் என்று தொடங்கும் பெயரைப் பார்த்தால் அநேகமாக அது பற்றவைத்த ரேம்தான். வாங்கும்போது இருந்த அளவோடே கடைசி வரை ஓட்ட வேண்டும்.

அடுத்தது தலைமுறை. லேப்டாப்புக்கான டிடிஆர்3 ரேமில் 204 பின்கள், 4இல் 260, 5இல் 262. ஒன்றை மற்றொன்றின் ஸ்லாட்டில் செருக முடியாதபடி வெட்டு இடம் மாறியிருக்கும், ஆகவே இதில் தவறினால் உடனே தெரிந்துவிடும். பழைய லேப்டாப்களில் டிடிஆர்3, டிடிஆர்3எல் குழப்பம்தான் மோசம். வடிவம் ஒன்றே, மின்னழுத்தம் மட்டும் 1.5, 1.35 வோல்ட் என்று வேறுபடும். இன்டெல் 4ஆம் தலைமுறையின் யு வரிசைச் சிப்கள் 1.35 வோல்ட் ரேமை மட்டுமே ஏற்கும்.

கடைக்காரர்கள் அதிகம் பேசுவது வேகத்தை. அதற்குத்தான் அதிகப் பணமும் போகிறது. டி480இன் சிப் ஓட்டுவது 2400 வேகத்தில். 3200 ரேமைப் போட்டாலும் அது 2400க்கு இறங்கித்தான் ஓடும். கெடுதல் இல்லை, பலனும் இல்லை. விலை ஒன்றாக இருந்தால் 3200 வாங்குங்கள், கூடுதலாகக் கேட்டால் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்.

அந்தப் பணத்தையும் கவனத்தையும் இரட்டை சேனலுக்குக் கொடுங்கள். 2400 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் கோட்பாட்டளவில் நொடிக்கு 19.2 ஜிபி பாதை, இரண்டு இருந்தால் 38.4. டி480இன் உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, அது இந்த ரேமையே பகிர்ந்துகொள்கிறது. ஆகையால் 16 ஜிபி ஒன்றைப் போடுவதைவிட 8, 8 என இரண்டைப் போட்டால் வீடியோவிலும் விளையாட்டிலும் பலன் தெரியும். 8உடன் 4ஐச் சேர்த்தாலும் ஓடும். அதில் முதல் 8 ஜிபி இரட்டைப் பாதையிலும் மிச்சம் 4 ஒற்றைப் பாதையிலும் போகும்.

லேபிளில் எல்லோரும் தவறவிடும் குறிப்பு ஒன்று உண்டு: 1ஆர்×8 அல்லது 1ஆர்×16. முன்னதில் எட்டுச் சிப்கள், பின்னதில் நான்கே. இரண்டும் 8 ஜிபிதான், ஆனால் நான்கு சிப் ரேமில் பேங்க் குழுக்கள் பாதிதான், அதனால் கொஞ்சம் மந்தம். விலை குறைவு என்று கடைகளில் அதிகம் கிடப்பது அதுதான். லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கும் ரேம் 1ஆர்×8 என்றால் அதற்கு ஜோடியாக அதையே கேட்டு வாங்குங்கள்.

இப்போது விலையும் தொந்தரவு செய்கிறது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான நினைவகத்தின் பக்கம் தயாரிப்பாளர்கள் சாய்ந்ததாலும், டிடிஆர்4 உற்பத்தியைக் குறைத்ததாலும் 2025இல் விலை ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக அறிவித்தது. இந்த நிலையில் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் ரேமை வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. பெயர் தெரியாத ஸ்டிக்கர் ஒட்டிய புது ரேமைவிட அது நம்பகமானது. பில்லில் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள்.

மாட்டுவது எளிது. கணினியைத் தொடங்கும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போய், கான்ஃபிக், பவர் வழியாக உள் பேட்டரியை முடக்க வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது. அதன் பிறகு வெளிப் பேட்டரியைக் கழற்றி, அடிமூடியின் திருகுகளைத் தளர்த்தலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மார்கழி, தையில் வறட்சியால் உடம்பில் நிலைமின்சாரம் சேரும். ரேமைத் தொடுமுன் தரையோடு தொடர்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்டுவிடுங்கள். ரேமைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினால் இரு பக்கக் கிளிப்பும் சொடுக்கென்று பிடிக்கும். சார்ஜர் செருகியதும் உள் பேட்டரி தானாக உயிர்பெறும். முதல் முறை திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருக்கும், பதறி அணைத்துவிடாதீர்கள்.

16 ஜிபி வந்த பின் டி480 வேறு இயந்திரமாக நடந்துகொள்கிறது. டேப் மாற்றும்போது பக்கங்கள் மறுபடி லோட் ஆவதில்லை, வகுப்பின் நடுவே குரல் அறுபடுவதில்லை. லெனோவோவின் கணக்குப்படி 32 ஜிபி வரை ஏற்றலாம், ஆனால் வீடியோ எடிட்டிங் செய்யாதவருக்கு அது வீண் செலவு. பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே ஓடும் லேப்டாப் என்றால் ரேமுக்கு முன்னால் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் ரேமை மாட்டிய அன்றிரவே பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ரேம் சோதனை நிரலை ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். பிழையுள்ள ரேம் சத்தமில்லாமல் கோப்புகளைக் கெடுக்கும், கணக்குப் புத்தகமே கணினியில் இருப்பவருக்கு அதைவிட ஆபத்து இல்லை. காலையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் பில்லோடு பஸ் ஏறி, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.