353 டாலர்: கம்போடியாவின் மீட்புக் கதைகளைப் படித்தபோது

2004 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்தி எழுத்தாளர் நிக்கோலஸ் கிறிஸ்டாஃப், கம்போடியாவின் பொய்பெட் நகரத்துக்குப் போனார். தாய்லாந்து எல்லையை ஒட்டிய ஊர். அங்கிருந்த விபச்சார விடுதிகளிலிருந்து இரண்டு இளம்பெண்களை விலைக்கு வாங்கினார். ஒருத்திக்கு 150 டாலர், இன்னொருத்திக்கு 203 டாலர். ரசீதும் வாங்கிக்கொண்டார். பிறகு அவர்களைச் சொந்த ஊரில் கொண்டுபோய் விட்டார். 21-ஆம் நூற்றாண்டில் ஒரு மனுஷியை ரசீது போட்டு வாங்க முடிகிறது என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். காட்டிவிட்டார், அதில் சந்தேகமில்லை. உலகமே படித்தது.

அந்தப் பத்திகளையும், அவரும் மனைவி ஷெரில் வுடன்னும் சேர்ந்து 2009-ல் வெளியிட்ட 'ஹாஃப் த ஸ்கை' புத்தகத்தையும், அவர் பெரிதும் கொண்டாடிய சோமாலி மாமின் தன்வரலாற்றையும் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். கூடவே ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2010-ல் வெளியிட்ட கம்போடிய அறிக்கையையும். முதல் மூன்றையும் படித்தால் ஒரு நாடு தெரிகிறது. நாலாவதைப் படித்தால் வேறு நாடு தெரிகிறது. ரெண்டும் ஒரே கம்போடியாதான், ஒரே வருஷங்கள்தான். இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பொய்பெட் பத்திகளில் எனக்கு மறக்காத இடம் ஒன்று உண்டு. பேரம் முடிந்துவிட்டது, பணம் கொடுத்தாகிவிட்டது, அந்த இரண்டாவது பெண் கிளம்ப மாட்டேன் என்கிறாள். அடகு வைத்த தன் கைபேசி இல்லாமல் வரமுடியாதாம். கிறிஸ்டாஃபுக்கு எரிச்சல். இங்கே உயிரைக் காப்பாற்ற வந்திருக்கிறேன், இவள் போனைக் கேட்கிறாளே! வாசகருக்கும் அந்த எரிச்சல் தொற்றிக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்குத் தோன்றாத ஒன்று தமிழில் படிக்கும்போது தோன்றும். நாம் அடகு நகையையும் 'மீட்போம்', ஆளையும் 'மீட்போம்'. ரெண்டுக்கும் ஒரே சொல்தான். அந்தப் பெண் கேட்டதும் ஒரு மீட்புதான். அவளுடைய உலகம் அடகாலும் கடனாலும் ஆனது. விடுதிக்காரியிடம் அவள் பேரில் கடன் இருக்கிறது, அவளைக் கட்டிப்போட்டிருப்பது முக்கியமாக அதுதான். கம்போடியாவில் விடுதிக்குப் போன எத்தனையோ பெண்களின் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது: வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, அல்லது நிலத்தின்மேல் கடன். அம்மாவோ சித்தியோ முன்பணம் வாங்குகிறார். அதைக் கழிக்க மகள் போகிறாள். வாடகை, சாப்பாடு, மருந்து என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். சங்கிலி, பூட்டு எல்லாம் எல்லா இடத்திலும் தேவைப்படுவதில்லை.

ஒரு வருஷம் கழித்து அவர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது இந்த இரண்டாவது பெண் பழைய விடுதியிலேயே இருந்தாள். போதைப் பழக்கம். முதல் பெண்ணுக்கு ஊரில் சின்ன மளிகைக்கடை வைத்துக் கொடுத்திருந்தார்கள். வீட்டு ஆட்களும் சொந்தக்காரர்களும் வேண்டியதை எடுத்துக்கொண்டு போக, கடை காலியானது. (பசித்த வீட்டில் கடை வைத்தால் வேறென்ன ஆகும்?) இதையெல்லாம் கிறிஸ்டாஃபே எழுதியிருக்கிறார், மறைக்கவில்லை. அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் எழுதிவிட்டு அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு, மீட்பது கஷ்டமான வேலை என்பது. கடனைப் பற்றி, அம்மாக்களைப் பற்றி, அந்த ஊரில் அவளுக்கு வேறு என்ன சம்பளம் கிடைக்கும் என்பதைப் பற்றி அடுத்த பத்தி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது அடுத்த மீட்பு. 2011 நவம்பரில் வடக்கே அன்லாங் வெங் ஊரில் சோமாலி மாமோடு ஒரு விடுதிச் சோதனைக்குப் போய், நடக்க நடக்க ட்விட்டரில் நேரலையாக எழுதினார்.

சோமாலி மாமைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அநாதையாக வளர்ந்து, சின்ன வயதிலேயே விற்கப்பட்டு, விடுதியில் சித்திரவதை அனுபவித்து, தப்பித்து வந்து மற்ற பெண்களை மீட்பவர் என்று உலகம் அறிந்தவர். 1996-ல் கணவர் பியர் லெக்ரோவோடு சேர்ந்து அஃபெசிப் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1998-ல் ஸ்பெயினின் அஸ்டூரியாஸ் இளவரசர் விருது, 2009-ல் டைம் இதழின் செல்வாக்குள்ள 100 பேர் பட்டியல். 2014 மே மாதம் நியூஸ்வீக் இதழில் சைமன் மார்க்ஸ் எழுதிய அட்டைப்படக் கட்டுரை இந்தக் கதையை உலுக்கியது. அவர் வளர்ந்த கிராமத்து ஆட்கள், அவர் பெற்றோருடன் இருந்து பள்ளிக்கூடம் போனவர் என்றார்கள். விடுதி முதலாளியால் கண் பிடுங்கப்பட்டதாகத் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட பெண்ணுக்கு, உண்மையில் கட்டிக்காகக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது என்றது கட்டுரை. 1998-ல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் தன் கதையைச் சொல்லி அழுத இன்னொரு பெண், அது ஒத்திகை பார்த்துச் சொன்ன கதை என்றார். மே கடைசியில் சோமாலி மாம் தன் பெயரிலேயே இயங்கிய அறக்கட்டளையிலிருந்து விலகினார். அக்டோபரில் அறக்கட்டளை மூடப்பட்டது. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த விவகாரத்தைப் பற்றி அப்போது வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் சிக்கிக்கொண்டன: அவர் பொய் சொன்னாரா? எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு சுவாரசியமாக இல்லை. கண் பிடுங்கப்பட்ட பெண் ஏன் தேவைப்பட்டாள் என்பதுதான் கேள்வி. கடனைக் கழிக்க வந்தவள், அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவள், விடுதியை வெறுப்பவள், ஆனால் தையல் வேலைக்குப் போக மறுப்பவள் — இவளை வைத்து நியூயார்க்கில் நன்கொடை விருந்து நடத்த முடியாது. அவளிடம் சொந்த விருப்பம் என்று ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீட்புக் கதைக்கு வேண்டியவள் கேள்வி கேட்காதவள், கைபேசி கேட்காதவள். நம்மூர் தினசரிகளில் 'அழகிகள் மீட்பு' என்று தலைப்பு வருமே, அதே இலக்கணம்தான். மீட்கப்பட்டவள் அடுத்த மாதம் என்ன ஆனாள் என்று எந்தத் தினசரியும் எழுதியதில்லை.

எண்ணிக்கையிலும் இதே கதை. கம்போடியாவில் 80,000 முதல் 1,00,000 வரை பாலியல் தொழிலாளர்கள், பெரும்பாலோர் கடத்தப்பட்டவர்கள் என்ற எண் வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. தாமஸ் ஸ்டைன்ஃபாட் என்ற ஆய்வாளர் ஊர் ஊராக, விடுதி விடுதியாக ஆட்களை அனுப்பி எண்ணி, 2003-ல் வெளியிட்ட மதிப்பீடு ஏறத்தாழ 20,800. அதில் கடத்தப்பட்டவர்கள் 2,500-க்குச் சற்றுக் குறைவு. இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் என்பது சின்ன எண்ணா? எனக்கு அது போதுமான அளவு பயங்கரமாகவே இருக்கிறது. ஆனால் மிச்சமிருக்கும் 18,000 சொச்சம் பேரை என்ன செய்வது என்ற கேள்வியை அது எழுப்பிவிடுகிறது. லட்சம் என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியே இல்லை, எல்லாரும் அடிமைகள், எல்லாரையும் மீட்கலாம்.

அந்த மிச்சப் பேருக்கு என்ன நடந்தது என்பது நாலாவது நூலில் இருக்கிறது. அமெரிக்க அரசு ஆண்டுதோறும் ஆள்கடத்தல் தடுப்பில் நாடுகளுக்குத் தரவரிசை கொடுக்கும். 2005-ல் கம்போடியா கடைசிப் படியில், மூன்றாம் அடுக்கில் வைக்கப்பட்டது. உதவித்தொகை வெட்டப்படும் அபாயம். 2008 பிப்ரவரியில் ஆள்கடத்தலையும் பாலியல் சுரண்டலையும் ஒடுக்க ஒரு புதிய சட்டம் வந்தது. அதன் 24-ஆம் பிரிவு பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பதற்கு ஒன்று முதல் ஆறு நாள் சிறையும் 10,000 ரியல் வரை அபராதமும் என்கிறது. 10,000 ரியல் என்றால் ரெண்டரை டாலர். தண்டனை அற்பம், ஆனால் போலீஸ் கையில் அது கொடுத்த அதிகாரம் அற்பமல்ல. புனோம் பென்னில் பூங்காவில் நின்ற பெண்களை லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். அடி, பணப்பறிப்பு, காவலில் வன்புணர்ச்சி என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்திருக்கிறது. சமூக நலத்துறையின் 'மறுவாழ்வு மையங்கள்' என்று பெயர் வைத்த இடங்களில் வழக்கே இல்லாமல் பூட்டி வைத்தார்கள். நகருக்கு வெளியே பிரே ஸ்பூ என்பது ஒன்று. கோ கோர் என்ற தீவில் இருந்தது இன்னொன்று. அது கெமர் ரூஜ் காலத்தில் சிறையாக இருந்த இடம். அறிக்கைக்காகப் பேசிய பெண்களில் பலருக்கு 'மீட்பு' என்ற சொல்லின் அர்த்தம் இந்த லாரிதான்.

கிறிஸ்டாஃபின் பத்திதான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் அடிமைகள், கதவை உடைத்தால் போதும் என்று நம்பவைத்த எழுத்து ஒரு பக்கம் குவிந்துகொண்டிருந்தபோது, கதவை உடைக்கிற போலீஸ் யார், அவர்கள் விடுதிக்காரரிடம் மாமூல் வாங்குகிறவர்கள்தானே என்று கேட்கும் இடம் சுருங்கிப்போனது.

இன்னொரு சேதமும் உண்டு, இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. 1990-களின் கடைசியிலிருந்து கம்போடியாவில் விடுதிகளில் நூறு சதவீதம் ஆணுறை என்ற திட்டம் நடந்தது. விடுதிகள் வெளிப்படையாக இருந்ததால் சுகாதாரப் பணியாளர்கள் உள்ளே போக முடிந்தது. எச்ஐவி பரவல் நன்றாகவே இறங்கியது. 2008-க்குப் பிறகு விடுதிகள் மூடப்பட்டன, பெண்கள் கரோக்கி கடைகளுக்கும் பீர்த் தோட்டங்களுக்கும் தெருவுக்கும் சிதறினார்கள். பையில் ஆணுறை இருந்தால் அதுவே போலீசுக்குச் சாட்சி. அப்புறம் யார் பையில் வைத்துக்கொள்வார்கள்?

சரி, அப்போ சோதனையே வேண்டாமா என்று கேட்பீர்கள். ஸ்வே பாக் இருக்கிறது. புனோம் பென்னுக்கு வடக்கே 11 கிலோமீட்டரில் உள்ள அந்தக் குடியிருப்பில், பெரும்பாலும் வியட்நாமியக் குழந்தைகள், வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கப்பட்டார்கள். 2003 மார்ச்சில் இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன் அமைப்பும் போலீசும் சேர்ந்து 37 பேரை வெளியே கொண்டுவந்தார்கள், அதில் சிலருக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. அந்தக் கதவை உடைக்கத்தான் வேண்டும். இதே அமைப்பு பின்னாளில் எடுத்த கணக்கெடுப்பின்படி, பாலியல் தொழில் இடங்களில் இருப்பவர்களில் 18 வயதுக்குக் கீழானவர்கள் 2012-ல் 8 சதவீதம் அளவுக்கு இருந்து, 2015-ல் வெளியான முடிவில் 2.2 சதவீதமாகக் குறைந்தார்கள். குழந்தைகளை விற்பவர்கள்மேல் குறிவைத்து, போலீசுக்குப் பயிற்சி கொடுத்து, வழக்கை நீதிமன்றம்வரை இழுத்துக்கொண்டு போன வேலைக்கு இதில் பங்குண்டு. ஆனால் ஸ்வே பாக் குழந்தைக்கான பதிலை 25 வயதுப் பெண்மேல் ஏற்றியதில்தான் கோளாறு. இரண்டு பேரையும் ஒரே லாரியில் ஏற்ற முடியாது.

அந்த 25 வயதுப் பெண்ணுக்குக் காப்பகங்கள் கொடுத்தது என்ன? தையல் இயந்திரம். ஆசிய பசிபிக் பாலியல் தொழிலாளர் அமைப்பின் சின்னமே, குறுக்கே கோடு போட்ட தையல் இயந்திரம்தான். முதலில் பார்த்தபோது எனக்கு விளையாட்டாகத் தெரிந்தது. பிறகு சம்பளத்தைப் பார்த்தேன். 2014 தொடக்கத்தில் கம்போடிய ஆயத்த ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 100 டாலர். 160 கேட்டுப் போராடியவர்கள்மேல் அந்த ஜனவரி 3-ஆம் தேதி புனோம் பென்னின் வெங் ஸ்ரெங் சாலையில் சுட்டார்கள், நாலு பேராவது செத்தார்கள். இதே கிறிஸ்டாஃப்தான் 2009 ஜனவரியில், புனோம் பென் குப்பைமேட்டில் நின்றுகொண்டு, வியர்வைக்கூடத் தொழிற்சாலைகள் ஏழைகளுக்குக் கனவு என்று எழுதியவர். குப்பை பொறுக்குவதோடு ஒப்பிட்டால் அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் மீட்பையும் தொழிற்சாலையையும் பற்றி எழுதும் ஒரே ஆள், ரெண்டுக்கும் நடுவிலிருக்கும் சம்பளச் சீட்டைப் படிக்காமல் விட்டது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

நியூஸ்வீக் கட்டுரைக்குப் பிறகு, சோமாலி மாமைப் பற்றி எழுதாமலே இருந்திருக்கலாம் என்று அவர் 2014 ஜூனில் வருத்தம் தெரிவித்தார். கணவான்தனமான பதில், ஆனால் தப்பான இடத்துக்கான பதில். ஒரு ஆள் ஏமாற்றிவிட்டார் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. பொய்பெட் பெண்கள் இருவரின் பெயரும் படமும் உலகத்துக்கே போனது. நான் இங்கே தவிர்த்திருக்கிறேன். கோ கோரில் அடைக்கப்பட்ட பெண்களின் பெயர்கள் அறிக்கையில் மாற்றப்பட்டிருக்கின்றன. அவர்களில் ஒருவரைப் பற்றியாவது 'ஹாஃப் த ஸ்கை'யில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.