வேற்றுலகத்தார் வருகையும் இனமும்: கிளார்க்கின் நாவலொன்றை முன்வைத்து

வேற்றுக் கிரகவாசிகளைப் பற்றிய புனைகதைகள் விண்வெளியிலும் பார்க்கப் பூமியின் குடியேற்ற வரலாற்றையே பெரிதும் பேசுகின்றன. எச். ஜி. வெல்ஸ் 1898இல் செவ்வாய்க் கிரகத்தாரின் படையெடுப்பை எழுதப் புகுந்தபோது, தஸ்மேனியப் பழங்குடியினரை ஐரோப்பியர் அழித்தமையைத் தொடக்கத்திலேயே நினைவூட்டினார். ஆதர் சி. கிளார்க்கின் ‘சைல்ட்ஹூட்ஸ் என்ட்’ (1953) இதனினும் சிக்கலான வினாவை எழுப்புகின்றது. அழிக்க வருபவனை எதிர்ப்பதில் அறச்சிக்கல் இல்லை. நன்மை செய்யவே வரும் அந்நியனை என்செய்வது?

கிளார்க்கின் மேலாட்சியர் போரையும் வறுமையையும் ஒழிக்கின்றனர். கொம்பும் வாலும் சிறகும் கொண்ட தம் உருவத்தை ஐம்பது ஆண்டுகள் மறைத்தே வைக்கின்றனர். உருவத்தைக் கண்டு அஞ்சும் மனமே இனவெறுப்பின் வேர் என்பதை ஆசிரியர் நன்கறிவார். எனினும் மனிதரிடையேயான இனப்பிரச்சினையை அவர் கையாளும் முறை ஏமாற்றந் தருவது. தென்னாபிரிக்காவில் அநீதி நிகழ்கின்றது; கேப் டவுனில் நண்பகற் சூரியன் அரைமணி நேரம் அணைக்கப்படுகின்றது; மறுநாளே சமவுரிமை வழங்கப்படுகின்றது. ஆனால் அங்கு உரிமை மறுக்கப்பட்டோர் வெள்ளையரே! நிறவொதுக்கல் அரச கொள்கையாகி ஐந்தாண்டுகளே கடந்திருந்த வேளையில், ஒடுக்கப்பட்டோரை நாளைய ஒடுக்குவோராகக் காண்பது தற்செயலன்று. ஆளவந்தோர் வெளியேறும் காலத்து அச்சம் அது. அன்றியும், அச்சுறுத்திப் பெறும் சமத்துவம் அடக்கியவன் மனத்தை மாற்றியதா என்று நாவல் கேட்கவேயில்லை. (தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே 1956இல் கிளார்க் இலங்கைக்கு வந்து, 2008இல் மறையும்வரை இந்நாட்டையே வாழ்விடமாகக் கொண்டிருந்தார்.)

1621இல் நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்ததை அறிந்த யாழ்ப்பாணத்து வாசகருக்கு வெல்ஸின் அந்நியன் புதியவனல்லன். கிளார்க்கின் அந்நியனும் அறிமுகமானவனே. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி நிறுவிய அமெரிக்க மிஷனரிமார் கணிதத்தையும் வானியலையும் கற்பித்தனர். பின்னர் மானிப்பாயில் டாக்டர் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் பயிற்றினார். அவர்கள் தந்தவை மெய்யான நன்மைகள், வேண்டியது மதமாற்றம். ஆறுமுக நாவலர் இதனை எதிர்கொண்ட விதம் கவனத்திற்குரியது. பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த அவரே, பாடசாலை, அச்சுக்கூடம், பிரசங்கம் ஆகிய அவர்தம் கருவிகளைக் கைக்கொண்டு 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பள்ளி தொடங்கினார். அவரது சைவம் சாதிவேலியைத் தகர்க்கவில்லை என்பதும் மறைக்கத்தக்கதன்று.

கிளார்க்கின் நாவலிலே ஒரு நாவலர் இல்லை. மேலாட்சியரின் நிழலிற் கலையும் சுயமுயற்சியும் பட்டுப்போகாதிருக்க ‘நியூ ஏதென்ஸ்’ என்னும் தீவுக் குடியிருப்பு அமைக்கப்படுகின்றது. நாவலின் உயிர்ப்புள்ள பகுதி இதுவே. ஆனால் அத்தீவினர் மேலாட்சியரிடமிருந்து எதையும் கற்று எதிர்நிற்பதில்லை. தம் பிள்ளைகள் மனித இயல்பைத் துறந்து பிறிதொன்றாகி நீங்கியபின், தீவையே வெடிவைத்துத் தம்மையும் அழித்துக்கொள்கின்றனர். பணிதல் அல்லது மடிதல் என்னும் இரண்டே வழிகளைக் கிளார்க் விட்டுவைக்கின்றார். ஆண்டவர் நாட்டு எழுத்தாளருக்கு மூன்றாவது வழி புலப்படவில்லை.