கட்டாடின் மலையடியில் டிரவுட் மீன்

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், முன்னாள் ஆளுநர் பெர்சிவல் பாக்ஸ்டர் தம் சொந்தப் பணத்தால் வாங்கி, 1931 முதல் சிறிது சிறிதாக மக்களுக்கே தானம் செய்த, கட்டாடின் மலையைச் சூழ்ந்த கானகம், மின்விளக்கும் குழாய்நீரும் இன்றித் தன் பூர்வ ஸ்வபாவத்திலேயே இன்றும் விளங்குவது பெரும் ஆனந்தம் தருவதாகும். அங்கே ரஸல் குளத்தருகே கூடாரம் அடிக்க விரும்புவோர் மூட்டை சுமந்து பல மைல் நடந்தே போக வேண்டும், அதுவும் நியாயமே. இறகும் நூலும் சுற்றிப் பூச்சியைப் போலச் செய்த தூண்டில் நீர்மேல் மெல்ல வீழ, குளிர்ந்த தெளிநீரிலன்றி வாழாத புரூக் டிரவுட் அதைக் கவ்வி மேலெழும்போது, அதன் முதுகில் நெளியும் வரிகளையும், விலாவில் நீலவளையம் சூழ்ந்த செம்புள்ளிகளையும், செந்துடுப்புகளின் வெள்ளை ஓரத்தையும் கண்டவர்கள், எந்தச் சித்திரக்காரனுக்கு இவ்வளவு சிரத்தை உண்டு என்று வியந்து நிற்பார்கள். கையை நனைத்துக்கொண்ட பின்பே அதைத் தொட வேண்டும். உலர்ந்த விரல் பட்டால் அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பு அகன்றுவிடும்.