மூணு வழியும் ஒண்ணுதானா? குதிகால் நாண் பற்றிய நார்வே ஆய்வு

குதிகால் நாண் அறுந்தால் தைக்கணுமா, வேண்டாமா? எலும்பு மருத்துவர்கள் பல வருஷமா விடாமல் வாதாடும் கேள்வி இது. 2022 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த நார்வே ஆய்வு இதை முடித்து வைத்துவிட்டது என்பதுபோல் பேசுகிறார்கள். நல்ல ஆய்வுதான். அதை வாசிக்கிற விதத்தில்தான் எனக்கு மனக்குறை.

முதலில் விஷயத்தைச் சொல்லிடறேன். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த கயிறுதான் அக்கிலீஸ் நாண். எலும்புக்குச் சில சென்டிமீட்டர் மேலேதான் பெரும்பாலும் அறும். "பின்னாடி யாரோ உதைச்ச மாதிரி இருந்துச்சு" என்பார்கள். திரும்பிப் பார்த்தா யாரும் இருக்க மாட்டாங்க. அறுந்த பிறகும் வேறு தசைகளின் உதவியால் பாதத்தைக் கொஞ்சம் கீழே அழுத்த முடியும். அதனாலேயே சுளுக்குன்னு விட்டுடறாங்க. குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அமுக்கினால் பாதம் அசையணும். அசையலைன்னா நாண் அறுந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். ஸ்கேனுக்கு முன்னாடி கையாலேயே செய்துவிடக்கூடிய சோதனை.

நார்வேயில் 18 முதல் 60 வயதுக்குட்பட்ட 554 பேரைக் குலுக்கல் முறையில் மூணாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அறுவை சிகிச்சை கிடையாது. இன்னொன்றுக்குத் திறந்து தைத்தார்கள், மூன்றாவதுக்குச் சிறிய கீறல் வழியாகத் தைத்தார்கள். பின்சிகிச்சை மூணு பேருக்கும் ஒன்றே: பாதம் கீழ்நோக்கி இருக்கும்படி இரண்டு வாரம் கட்டு, பிறகு குதிகாலுக்கு அடியில் ஆப்பு வைத்த பூட். 12 மாதம் கழித்து, பத்துக் கேள்விகள் கொண்ட 100 மதிப்பெண் படிவத்தில் நோயாளிகளே தங்கள் காலுக்கு மார்க் போட்டார்கள். காயத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் அறுவை இல்லாதவர்கள் 17.0 புள்ளி இழந்திருந்தார்கள், திறந்து தைத்தவர்கள் 16.0, சிறு கீறல் குழு 14.7. வித்தியாசம் இல்லை என்பது முடிவு.

இங்கேதான் நிக்கணும். "வித்தியாசம் இல்லை" என்பது குழுக்களுக்கு இடையில்தான். காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவர் கேட்பது அந்தக் கேள்வியே இல்லை. "டாக்டர், பழையபடி ஆயிடுமா?" என்றுதான் கேட்பார். அதற்கான பதிலும் அதே அட்டவணையில் இருக்கு: ஒரு வருஷத்தில், எந்த வழியில் போனாலும், சராசரியாக ஆகாது. ஆய்வைச் சுருக்கிச் சொல்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். முந்தைய நிலைக்கான மார்க், அறுந்த பிறகு நினைவிலிருந்து போட்டது. கட்டுப் போட்ட காலோடு யோசிக்கும்போது பழைய கால் எல்லாருக்கும் தங்கமாத்தான் தெரியும். மூணு குழுவிலும் இந்தச் சாய்வு ஒரே மாதிரி இருக்கும் என்பதால் ஒப்பீடு கெடாது. ஆனால் அந்த 15 சொச்சத்தை அப்படியே தராசில் வைக்க முடியாது.

சராசரி மறைப்பது இன்னொன்று. அறுவை இல்லாத குழுவில் 6.2 சதவீதம் பேருக்கு நாண் மறுபடி அறுந்தது. தைத்த இரண்டு குழுக்களிலும் 0.6 சதவீதம். "பத்து மடங்கு!" என்று சர்ஜன் சொல்லலாம், பொய்யில்லை. நான் போட்ட கணக்குப்படி, ஒரு மறு அறுபடலைத் தடுக்கச் சுமார் 18 பேருக்குக் கத்தி வைக்கணும். பதிலுக்கு நரம்புக் காயம்: சிறு கீறலில் 5.2 சதவீதம், திறந்து தைத்ததில் 2.8, அறுவை இல்லாமல் 0.6. அதாவது சிறு கீறலில் 22 பேருக்கு ஒருவர் கூடுதலாக நரம்புத் தொந்தரவு வாங்கிக்கொள்கிறார். ஆக மூணும் ஒண்ணு இல்லை. எந்த நஷ்டத்தை நீங்க தாங்குவீங்க என்பதில்தான் தேர்வு. இன்னொரு தடவை மாசக்கணக்கில் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாதவருக்கு 6 பெரிய எண்.

நம்ம ஊரில் இதோடு ஒரு மொழிச் சிக்கலும் சேருது. நாண் அறுந்தாலே "நரம்பு அறுந்துடுச்சு" என்கிறோம். மருத்துவர் "ஆபரேஷன்ல நரம்பு பாதிக்கப்படலாம்" என்று எச்சரித்தால், "அதான் ஏற்கெனவே அறுந்துடுச்சே!" என்று நோயாளி நினைக்க இடமிருக்கு. அவர் சொல்வது, நாணுக்குப் பக்கத்தில் ஓடி, பாதத்தின் வெளி ஓரத்துக்கு உணர்ச்சி தரும் மெல்லிய நரம்பை. தமிழில் கையெழுத்து வாங்கும் படிவங்களில் நாண், நரம்பு இரண்டையும் பிரித்து எழுதினாலே பாதிக் குழப்பம் போயிடும்.

"கட்டு" என்ற சொல்லும் இதே ரகம். அறுவை இல்லாத சிகிச்சை என்றால் சும்மா விடுவதோ, ஏதோ ஒரு கட்டுப் போடுவதோ இல்லை. பாதத்தைக் கீழ்நோக்கி வைத்தால்தான் அறுந்த இரு முனைகளும் கிட்ட வரும். பாதம் நேராக இருக்கும்படி கட்டினால் நாண் நீண்டு ஆறிவிடும். ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி நிற்பது கஷ்டமாகிவிடும். அப்புறம், இந்த 554 பேரும் புதிதாக அறுந்தவர்கள். இரண்டு மாசம் எண்ணெய் தேய்த்துவிட்டு வருகிறவரிடம் இந்த ஆய்வைக் காட்டி "தைக்க வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அதற்குள் முனைகள் விலகி, தசை சுருங்கியிருக்கும். அவருக்கு வேறு வகை அறுவை பற்றிப் பேச வேண்டிவரலாம்.